உண்டியலில் கை வைத்த பையனும் புளி போட்டுத் தேய்க்கிற செம்புக் குடமும்

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்தில் சாம்பார் வாளியோடு நின்ற ஒரு பையனைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் எங்களிடம் வந்து கேட்டீங்க. "இவன்தானே அந்த வீடியோவில இருந்தவன்? இவனை ஏன் உள்ள விட்டீங்க?" சிலர் நேரில் கேட்டார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். ஒரு ஆண்ட்டி ஒன்றுமே கேட்காமல் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் போனதுதான் எங்களுக்கு ரொம்ப உறுத்தியது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பூஜை நேரம், உபய விவரம் எதுவும் இதில் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டு மாதத்துக்கு முன்னால், ராத்திரி கடைசி பூஜை முடிந்து விளக்கு அணைத்த பிறகு, ஒரு பையன் பக்கவாட்டு கேட் வழியாக உள்ளே வந்திருக்கிறான். நவக்கிரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன உண்டியலில் குச்சியை விட்டு நோட்டு எடுத்திருக்கிறான். குச்சி நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். மூன்றாவது தடவை வந்தபோது நம்ம தொண்டர்கள் இரண்டு பேர் பிடித்தார்கள். பாக்கெட்டில் 46 வெள்ளி இருந்தது. யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்ததாக ஒரு கதை ஓடுகிறது, அதனால் இதைச் சொல்கிறோம். ஆபீஸ் அறையில் உட்காரவைத்து மைலோ கொடுத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். அம்மா வந்தார். நமக்குத் தெரிந்த முகம்தான், பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுப்பவர்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குத் தொடங்கிய பேச்சு ஒன்றரை மணி வரைக்கும் போனது.

ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர் நம்ம நிர்வாகத்தில் இருக்கிறார். அவர் சொன்னார்: "தம்பி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. மனுஷன் பொறக்கும்போதே கள்ளன். பூட்டு இருக்கிற வரைக்கும்தான் நல்லவன். நாளைக்கே போலிஸ் ரிப்போர்ட் போடுங்க. இல்லேன்னா அடுத்த வாரம் நாலு பையன் குச்சியோட வருவான்."

சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா விடவில்லை. "ஐயா, எந்தப் புள்ளையும் கெட்டதா பொறக்கிறதில்ல. வீட்டுல அப்பா இல்ல, அம்மா ரெண்டு ஷிஃப்ட் ஃபேக்டரி. வயிறு காஞ்சா சாமி காசு, ஆசாமி காசுன்னு புள்ளைக்குத் தெரியுமா? விட்டுடுங்க ஐயா, நம்ம புள்ள."

இரண்டு பேரும் திருட்டைப் பற்றிப் பேசுவதாகத்தான் நாங்கள் முதலில் நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, அவர்கள் பேசியது மனுஷன் அடிப்படையில் எப்படிப்பட்டவன் என்பதைப் பற்றி. அதில் ஒரு முடிவுக்கு வராமல் பையனை என்ன செய்வது என்று முடிவு பண்ண முடியாது. பெரியவர் சொல்வது சரியென்றால் பூட்டுதான் மருந்து. அக்கா சொல்வது சரியென்றால் பூட்டே பாவம்.

கேள்வி நம்ம கோயில் ஆபீஸில் தொடங்கியது இல்லை. நம்ம பக்கத்துக் கடை சீனத் தவுக்கேவின் முன்னோர்கள் இதே சண்டையை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே போட்டிருக்கிறார்கள். மென்சியஸ் என்ற ஞானி, மனுஷன் இயல்பு நல்லது என்றார். அவர் சொன்ன உதாரணம் நம்ம பாட்டி சொல்கிற மாதிரி இருக்கும்: ஒரு குழந்தை கிணற்றில் விழப் போகிறது. பார்க்கிற எவனுக்கும், யாராக இருந்தாலும், நெஞ்சு பதறும். பேர் வாங்கவோ, குழந்தையின் அப்பா அம்மாவிடம் சலுகை வாங்கவோ இல்லை, சும்மாவே பதறும். அந்தப் பதற்றம்தான் விதை என்றார். அவருக்குப் பின்னால் வந்த சுன்ஸி என்பவர் இல்லவே இல்லை என்றார். மனுஷன் கோணல் மரம், ஆவியில் வேகவைத்து அழுத்திக் கட்டினால்தான் நேராகும் என்றார். நம்ம பெரியவர் அவர் கட்சி.

மேற்கேயும் அதே கதைதான். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரைப் பார்த்த ஹாப்ஸ், அரசன் கையில் கம்பு இல்லாவிட்டால் மனுஷன் மனுஷனைத் தின்றுவிடுவான் என்கிற மாதிரி 1651-இல் ஒரு புத்தகம் போட்டார். நூறு வருஷம் கழித்து ரூசோ வந்து, மனுஷன் நல்லவன்தான், சொத்தும் போட்டியும்தான் கெடுத்தது என்றார். கிறிஸ்தவத்தில் அகஸ்டின் வழி வந்தவர்கள் பிறவியோடு வருகிற ஆதிப் பாவத்தைச் சொல்வார்கள். நம்ம மலாய் நண்பர்கள், ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பில், ஃபித்ராவில், பிறக்கிறது என்பார்கள். யார் சரி என்று தீர்ப்பு சொல்ல நாங்கள் யாரும் பண்டிதர்கள் இல்லை. செருப்பு அடுக்குகிறவர்கள், வாழை இலை துடைக்கிறவர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் விவேகானந்தா ஆசிரமத்தைப் பார்த்திருப்பீங்க. 1904-இல் கட்டியது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம்மவர்கள் முயற்சி. முன்னால் சுவாமியின் சிலை நிற்கும். அந்தச் சுவாமி 1893-இல் சிக்காகோவில் போய், மனிதர்களைப் பாவிகள் என்று அழைப்பதுதான் பாவம் என்று பேசினார். அக்காவுக்கு இது ரொம்பப் பிடிக்கும், அன்று ராத்திரியும் சொன்னார். அது வேதாந்தத்தின் குரல்: உள்ளே இருப்பது பிரம்மமே, மறந்துவிட்டோம், நினைவு வந்தால் போதும். கேட்கவே தெம்பாக இருக்கும். ஆனால் அதே பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்களும் யாழ்ப்பாணத் தமிழர்கள்தான். அவர்கள் கையோடு கொண்டுவந்தது சைவ சித்தாந்தம். அதில் பதில் இவ்வளவு இனிப்பாக இருக்காது. கொஞ்சம் கசக்கும். அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் 2021. அது நமக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் டிசம்பர் 17 வெள்ளிக்கிழமை பிடித்த மழை விடவே இல்லை. 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்மாடி முழுகியது. ஜனங்கள் மேல்மாடியிலும் கூரையிலும் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் காத்திருந்தார்கள். பெரிய உதவி வந்து சேரும் முன்னாலேயே, சொந்தப் படகு, கயாக் என்று யார் யாரோ எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சமைத்து அனுப்பினார்கள். கிள்ளானிலிருந்து நம்ம லோரியும் போனது. அதற்கு ஐந்து மாசத்துக்கு முன்னால்தான் கோவிட் அடைப்பில் ஜனங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள், பார்த்தவர்கள் அரிசியைக் கொண்டு போய் வைத்தார்கள். கித்தா ஜாகா கித்தா என்று எல்லாருமே சொல்லிக்கொண்டிருந்த காலம். அக்கா கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஆனால் அதே வெள்ளத்தில், கடைகளுக்குள் புகுந்து ஜனங்கள் பொருள் எடுக்கிற காணொளியும் நம்ம ஃபோனுக்கு வந்தது. பசிக்கு எடுத்ததை யாரும் குறை சொல்லப் போவதில்லை. எல்லாமே பசிதானா என்பது வேறு விஷயம். நாங்களே கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. ஒரு ஆள் படகு வைத்துக்கொண்டு தலைக்கு இவ்வளவு என்று காசு கேட்டான். நம்ம பையன்களுக்குக் கோபம் வந்து கைகலப்பு ஆகிற நிலை. மறுநாள் காலையில் அதே ஆள் நம்ம லோரிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பெட்ரோல் மட்டும் போட்டுக் கொடுங்க, நான் பொட்டலம் கொண்டுபோறேன் என்றான். சாயங்காலம் வரைக்கும் கொண்டுபோனான். ஒரு காசு கேட்கவில்லை.

முதல் நாள் பார்த்தவன் உண்மையான ஆளா, இரண்டாம் நாள் பார்த்தவன் உண்மையான ஆளா? இதை அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரியவர், "முதல் நாள்தான் அசல், ரெண்டாம் நாள் வெக்கம்" என்றார். அக்கா, "ரெண்டாம் நாள்தான் அசல், முதல் நாள் பயம்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது எங்களுக்கு. ஆளைப் பார்த்து முடிவு பண்ணவில்லை, முடிவு பண்ணிவிட்டு ஆளைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் அன்று பேச்சில் வந்தது. நம்ம தொண்டர் தம்பி ஒருவர் ஃபோனில் தேடிக் காட்டினார். 2019-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. 40 நாட்டில், 355 நகரத்தில், 17,000-க்கும் மேல் பர்ஸ். மலேசியாவும் அதில் உண்டு. பர்ஸைப் பேங்க், ஹோட்டல், போஸ்ட் ஆபீஸ் மாதிரி இடங்களில் கவுன்டரில் இருப்பவரிடம் கொடுத்து, "ரோட்டில் கிடந்தது, பார்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பர்ஸுக்குள் சொந்தக்காரரின் ஈமெயில் இருக்கும். சிலதில் பணம் இருக்கும், சிலதில் இருக்காது. நீங்க என்ன நினைக்கிறீங்க, எது அதிகம் திரும்பி வரும்? நாங்கள் எல்லாரும் பணம் இல்லாதது என்றோம். பெரியவர் சிரித்தே விட்டார். கணக்கு என்னவென்றால், பணம் இல்லாத பர்ஸுக்கு நூற்றுக்கு 40 பேர் தகவல் அனுப்பினார்கள். பணம் இருந்ததற்கு 51 பேர். பணம் கூடினால் நேர்மை கூடியிருக்கிறது! தன்னைத் தானே திருடன் என்று பார்க்க மனுஷனுக்குப் பிடிக்கவில்லை, அதுவும் ஒரு காரணம் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மிச்சம் 49 பேர்?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான். பத்துமலைத் தைப்பூசத்தில் தொண்டர் கூடாரத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். யாரோ பர்ஸைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பெயர் கேட்டால்கூடச் சொல்லாமல் கூட்டத்தில் போய்விடுவார்கள். பத்து நிமிஷத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டே வருவார், பையிலிருந்து ஃபோனை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று. அதே 272 படி, அதே முருகன்.

சரி, இப்போது நம்ம வீட்டுப் பதிலுக்கு வருவோம்.

திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார், பதின்மூன்றாம் நூற்றாண்டு. பன்னிரண்டே சூத்திரம், சிவஞான போதம். இதை நாங்கள் கரைத்துக் குடித்தவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் உட்கார்ந்து, பாதி புரிந்து, பாதி தலையாட்டினவர்கள்தான். புரிந்த வரைக்கும் சொல்கிறோம், தப்பிருந்தால் பெரியவங்க திருத்துங்க.

உயிர் இறைவனே இல்லை. உயிர் பாவியும் இல்லை. உயிருக்கு அறிவு உண்டு, ஆனால் அதன்மேல் ஆரம்பமே இல்லாத காலத்திலிருந்து ஒரு மலம் ஒட்டியிருக்கிறது. செம்பில் களிம்பு மாதிரி, நெல்லில் உமி மாதிரி. அதற்கு ஆணவம் என்று பெயர். நாம் பேச்சில் ஆணவம் என்றால் திமிர் என்று சொல்கிறோம். இங்கே அது இல்லை. உயிரை அணுவாக, சிறுசாகக் குறுக்கி வைக்கிற ஒன்று, அதுதான் ஆணவம். திமிர் பிடித்தவனுக்கும் உண்டு, பயந்தாங்கொள்ளிக்கும் உண்டு. தலைவருக்கும் உண்டு, உண்டியல் பையனுக்கும் உண்டு. இந்தப் பதிவை எழுதுகிற எங்களுக்கும் நிறையவே உண்டு.

களிம்பு செம்போடேயே வருகிறது. ஆனால் களிம்பு செம்பு இல்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. பெரியவர் களிம்பைப் பார்த்துவிட்டு இதுதான் செம்பு என்கிறார். அக்கா செம்பைப் பார்த்துவிட்டு களிம்பே இல்லை என்கிறார்.

நம்ம கோயிலில் கலசச் செம்புகளைத் தேய்ப்பது யார் என்று தெரியும்தானே? வியாழக்கிழமை சாயங்காலம் வருகிற அம்மாக்கள். புளி, கொஞ்சம் உப்பு, தேங்காய் நார். தேய்த்து வைத்தால் பொன் மாதிரி மின்னும். மூன்று வாரம் விட்டால் மறுபடி பச்சை ஏறும். நூலில் சொல்கிற உவமையில் இரசவாத குளிகை பட்டதும் களிம்பு ஒரேயடியாகப் போய்விடும், அது இறைவன் அருள். அந்தக் குளிகை நம்ம ஸ்டோர் ரூமில் இல்லை. நம்மிடம் இருப்பது புளி மட்டும்தான்.

இன்னும் ஒரு படி இருக்கிறது, அதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. உயிர் தனியாக நிற்காது. எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் வண்ணமாக ஆகிவிடும். சார்ந்ததன் வண்ணமாதல் என்று வகுப்பில் சொல்வார்கள். பளிங்கு உவமை: பளிங்குக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்தால் சிவப்பு, பச்சை வைத்தால் பச்சை. நம்ம ஊர் பேச்சிலேயே இது இருக்கு, பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும். ஒரே உயிர்தான், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. படகுக்காரனைத் திரும்ப நினைத்துப் பாருங்க. முதல் நாள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தது கூச்சல், பேரம், அடிதடி. இரண்டாம் நாள் பக்கத்தில் இருந்தது ஒரு லோரி, பொட்டலம் கட்டுகிற பத்துப் பேர்.

அப்படியென்றால் மனுஷன் அடிப்படையில் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதைவிட, நாம் அவனை எதற்குப் பக்கத்தில் நிற்க வைத்தோம் என்று கேட்கத்தான் நமக்கு வேலை இருக்கிறது. கேட்டோம். பதில் நமக்கு மரியாதையாக இல்லை. பக்கவாட்டு கேட்டுக்குப் பூட்டு மூன்று மாசமாக ரிப்பேர். அந்தச் சின்ன உண்டியலை ஒன்பது வாரமாகத் திறந்து எண்ணவில்லை, நோட்டு வாய் வரைக்கும் தெரிந்தது. விளக்கு ஃபியூஸ். ராத்திரியில் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் நாம் வைத்தது இதைத்தான். பகலில்? அவன் ஐந்து வருஷமாக அன்னதானத்துக்கு வருகிறான். இத்தனை வருஷத்தில் யாரும் அவன் பெயரைக் கேட்டதில்லை. அன்று ராத்திரிதான் கேட்டோம், அதுவும் ரிப்போர்ட் எழுத.

அவன் செய்தது தப்பில்லை என்று சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்று தடவை குச்சி செய்து கொண்டுவந்தவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியும். அவனே ஒத்துக்கொண்டான். அம்மா முன்னாடி சொன்னான்.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தை இருட்டோடு ஒப்பிடுகிறார். இருட்டு மற்றப் பொருளை மறைக்கும், ஆனால் இருட்டு இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் மற்றதையும் மறைத்து, தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனால்தான் அடுத்தவன் களிம்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

அருணந்தி சிவாச்சாரியார் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பெரிய பண்டிதர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. சின்னப் பையன் பாடம் சொல்கிறான், அதைக் கேட்க என் சீடர்களே போகிறார்களே என்று கோபமாகப் போய் நின்றார். மெய்கண்டார் ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "ஆணவத்தின் வடிவம் எப்படி இருக்கும்?" என்று அருணந்தி அதட்டிக் கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார், அவ்வளவுதான். அருணந்தி விழுந்து வணங்கி, அந்தப் பிள்ளைக்கே சீடரானார். பின்னால் சிவஞான சித்தியார் எழுதினார்.

கூட்டத்தில் யாரோ இந்தக் கதையைச் சொன்னபோது, நாங்கள் எல்லாரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "என்னையே பாக்குறீங்க, கண்ணாடி இல்லையா இந்த ஆபீஸ்ல?" என்றார். நியாயம்.

பெரியவரின் எதிர்ப்பு அதோடு முடியவில்லை. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு எங்களால் இன்றுவரைக்கும் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. "சார்ந்ததன் வண்ணம்னு சொல்றீங்களே, வண்ணம் ஒரு பக்கம்தான் போகுமா? இவன் நல்லவங்களைப் பார்த்து மாறுவான்னா, நம்ம தேவார வகுப்புப் புள்ளைங்க இவனைப் பார்த்து மாற மாட்டாங்களா? மெய்ப்பொருள் நாயனார் திருநீற்றைப் பார்த்து முத்தநாதனை உள்ள விட்டாரு. குத்து வாங்கினாரு."

அக்கா சொன்னார், "குத்து வாங்கின பிறகும் அவனைப் பத்திரமா ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாரே ஐயா." பெரியவர் சொன்னார், "அவரு நாயனாரு. நாம செகரட்டரி, பொருளாளரு."

இந்த வார்த்தைதான் அன்று ராத்திரி முடிவுக்குக் கொண்டுவந்தது என்று சொல்லலாம். நாயனார் தன் உயிரை வைத்து நம்பினார். நம் கையில் இருப்பது உங்க காசு, உங்க பிள்ளைகள். அதை வைத்து நாம் நாயனார் ஆக முடியாது. அதே நேரம், பதினாறு வயசுப் பையனைப் போலிஸ் ஸ்டேஷனில் விட்டால் அவனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள், அவன் எந்த வண்ணம் எடுப்பான் என்பதும் நமக்குத் தெரியும். தைப்பிங், காஜாங் என்று சிறைக்குள் சமயம் சொல்லிக் கொடுக்கப் போய்வந்த தொண்டர்களிடம் கேளுங்க, எத்தனை பேர் முதல் தப்பு சின்னதுதான் என்று சொல்வார்கள் என்று.

ஆகவே செய்தது இவ்வளவு. பூட்டு போட்டோம். பக்கவாட்டு கேட், புது விளக்கு, சின்ன உண்டியலை மூலஸ்தானத்துக்கு நேராக மாற்றினோம். வாரா வாரம் சனிக்கிழமை காலை எண்ணுகிறோம், மூன்று பேர் முன்னால், மூன்று பேரும் கையெழுத்து. பெரியவர் கேட்டது இது, அவர் கேட்டது சரி. பூட்டு அவநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை. பலவீனமான நேரத்தில் ஒருத்தன் கைக்குப் பக்கத்தில் நோட்டு நீட்டிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரு உதவிதான்.

அந்தப் பூட்டு பையனுக்கு மட்டும் என்றும் நினைக்காதீங்க. செக்கில் இரண்டு கையெழுத்து, உபயக் கணக்கு அறிவிப்புப் பலகையில், ரசீது இல்லாமல் ஐந்து வெள்ளிகூட வாங்கக் கூடாது. இதெல்லாம் எங்களுக்கும்தான். குச்சியில் டேப் ஒட்டி எடுப்பவன் 46 வெள்ளி எடுப்பான். சாவி வைத்திருப்பவன் மனசு கோணினால் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நாங்கள் நல்லவர்கள், அதனால் கணக்குக் காட்ட வேண்டாம் என்று எந்த நிர்வாகம் சொன்னாலும், எங்களையும் சேர்த்து, நம்பாதீங்க.

பையனைப் போலிஸில் கொடுக்கவில்லை. கமிட்டியில் ஏழு பேர் சம்மதம், மூன்று பேர் இல்லை. எடுத்த காசை அம்மா மாசா மாசம் கட்டுகிறேன் என்றார், வேண்டாம், அவன் வேலையால் கட்டட்டும் என்றோம். வியாழன் செம்பு தேய்க்கிற அம்மாக்களோடு ஒரு மணி நேரம், வெள்ளி அன்னதானத்தில் பரிமாறுவது. காசு இருக்கிற இடத்தில் இல்லை, தேவார வகுப்புப் பக்கமும் இப்போதைக்கு இல்லை. தனியாகவும் இல்லை, எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் கூட. இது பெரியவருடைய கேள்விக்கு அரைப் பதில்தான், தெரியும். சிவஞான போதத்தின் கடைசிச் சூத்திரம் அன்பரோடு சேர்ந்திருப்பதையும் ஆலயத்தைச் சிவனாகவே வணங்குவதையும் ஒரே மூச்சில் சொல்கிறது என்று வகுப்பில் ஐயா விளக்கியது ஞாபகம் வந்தது. கோபுரமும் கும்பாபிஷேகமும் நமக்கு நன்றாகவே செய்யத் தெரியும். சேர்ந்திருப்பதில்தான் நாம் வீக்.

இரண்டு மாசம் ஆகிறது. மாறிவிட்டானா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. இரண்டு வியாழன் வரவில்லை, ஃபோன் பண்ணித்தான் கூப்பிட்டோம். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தேய்த்தான். மூன்றாவது வாரம் அதே குடத்தைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே ஆண்ட்டி போன தடவையும் தேய்ச்சேன்?" என்று கேட்டிருக்கிறான். அம்மாக்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம். சனிக்கிழமை எண்ணுகிற மூன்று பேரில் ஒருவர் பெரியவர். இதுவரைக்கும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பையனைப் பற்றிக் கேட்டால், "பார்ப்போம்" என்பதோடு சரி. ஆனால் போன வாரம் பையனின் மோட்டார் பஞ்சர் ஆனபோது வீட்டில் கொண்டுபோய் விட்டது யார் என்று கேட்காதீங்க, சொல்லக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

இப்போது உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம்.

ஒன்று, அந்த சிசிடிவி வீடியோ. அது எப்படி வெளியே போனது என்று விசாரித்தோம், நம்ம பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. அது எங்கள் தப்பு, மன்னிக்கணும். உங்க ஃபோனில் இருந்தால் அழித்துவிடுங்க. குரூப்பில் வந்தால் மேற்கொண்டு அனுப்பாதீங்க. அவன் ஸ்கூலுக்குப் போகிற பையன். அந்த வீடியோ அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால், நாம் வியாழக்கிழமை எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, போன வெள்ளி எழுந்து போன ஆண்ட்டிக்கு. உங்க கோபம் நியாயமானது, உங்க காசும் அந்த உண்டியலில் இருந்தது. இந்த வெள்ளி வாங்க. சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் வந்து எங்களைத் திட்டுங்க, உட்கார்ந்து கேட்கிறோம். இந்த வாரம் உபயதாரர் சேமியா பாயசம் சொல்லியிருக்கிறார். பையன் தண்ணீர் ஜக்கோடு இரண்டாவது வரிசையில் நிற்பான்.